மொரிசியஸ் பூங்காக்களில் தத்தி நடக்கும் பிள்ளையோடு

மொரிசியஸில் பெரும்பாலான பூங்காக்களின் டிக்கெட் கவுண்டரில் இரண்டு விலை இருக்கும்: ஊர்க்காரருக்கு ஒன்று, வெளியாருக்கு ஒன்று. லண்டனிலோ மெல்போர்னிலோ எத்தனை வருஷம் இருந்தவராக இருந்தாலும், மொரிசியஸ் அடையாள அட்டை இருந்தால் கவுண்டரில் வாயைத் திறப்பதற்கு முன்பே அதை நீட்டிவிடுங்கள். கிரியோலில் நாலு வார்த்தை பேசினால் போதாதா என்று அட்டையைக் கத்ர் போர்னில் பாட்டி வீட்டு அலமாரியிலேயே விட்டு வருகிறவர்கள்தான் பெரிய விலை கொடுக்கிறார்கள். இலவச வயதுக்கும் பாதிக் கட்டண வயதுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளையென்றால் பிறந்த தேதியைக் கேட்பார்கள். பாஸ்போர்ட்டின் படம் போனில் இருந்தால் பேச்சு அதோடு முடியும்.

அடுத்து, எதை வாங்கக்கூடாது என்பது. கம்பியில் தொங்கிப் பறப்பது, நாலு சக்கர மோட்டார், மலைச்சரிவு வண்டி எல்லாம் சேர்ந்த கூட்டு டிக்கெட்டைத்தான் முதலில் காட்டுவார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் உயர வரம்போ வயது வரம்போ உண்டு. நாலு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அநேகமாக எதிலும் ஏற்றமாட்டார்கள். பெரியவர்கள் மாறி மாறிப் போகலாம் என்பது கவுண்டரில் நியாயமாகத் தோன்றும். உள்ளே போனால் ஒருவர் வரிசையில் நிற்க, மற்றவர் வெயிலில் அழுகிற பிள்ளையோடு முக்கால் மணி நேரம் காத்திருப்பார். வெறும் நுழைவுச்சீட்டு போதும். இந்த வயதுக்கு வேண்டியது தொட ஒன்று, ஊட்ட ஒன்று, தண்ணீரிலோ மணலிலோ அளைய ஒன்று. மூன்றுமே அதற்குள் அடங்கிவிடும்.

எந்தப் பூங்கா என்பதை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தென்கிழக்குக் காற்று மழையைத் தெற்கிலும் நடு மேட்டிலும் கொட்டிவிட்டு மேற்குக் கரைக்கு வெறுங்கையோடுதான் வரும். அதனால் மேற்கே காஸ்காவெல் பக்கத்துக் கசெலா பூங்காவில் தரை காய்ந்திருக்கும், வெயில் சுடும், மேடும் பள்ளமும் ஏறி இறங்க வேண்டும். தெற்கே ரிவியேர் தெஸாங்கி பக்கத்து லா வனீய் பூங்காவில் நிழலும் ஈரமும் கொசுவும் இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வருகிறவர்கள் மேற்கைக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மேற்கே முழு நாளும் இருக்கலாம். அந்த மாதங்களில் தெற்கே போனால் பிள்ளைக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும். புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு ஏறினால் பஸ், கடை, பூங்கா எல்லாம் நின்றுவிடும், அன்று வீட்டில் ஃபாராத்தா சுடுவதுதான் வேலை.

லா வனீயில் நேரே ஆமைகளிடம் போங்கள். 1985-ல் முதலைப் பண்ணையாகத் தொடங்கிய இடம் அது. ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு முதலை என்பது அசையாத மரக்கட்டை. ஆமைகளை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதில்லை, அவற்றின் நடுவே நடக்கலாம். இந்த ராட்சத ஆமைகள் சீஷெல்ஸைச் சேர்ந்த அல்தாப்ரா தீவின் இனம். மொரிசியஸுக்கே உரிய ஆமைகளைக் கப்பல்காரர்கள் இறைச்சிக்காகத் தீர்த்தார்கள், மிச்சத்தை அவர்கள் கொண்டுவந்த பன்றியும் எலியும் பார்த்துக்கொண்டன. அல்தாப்ராவில் மிஞ்சியதையாவது காப்பாற்றுங்கள் என்று டார்வின் உட்பட விஞ்ஞானிகள் சிலர் 1874-ல் மொரிசியஸ் ஆளுநருக்கு மனுப் போட்டார்கள்.

வளர்ந்த ஆண் ஆமை 250 கிலோ வரை இருக்கும். பின்னாலிருந்து போய்த் தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு ‘உஸ்’ஸென்று சத்தம் விடும். பிள்ளை அலறும். அது கோபமில்லை, தலை உள்ளே போகும்போது நுரையீரல் அமுங்கிக் காற்று வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதன் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கவாட்டில் வந்து, பிள்ளையோடு குந்தி உட்கார்ந்து, கழுத்தின் அடித்தோலை விரல்களின் பின்புறத்தால் மெல்லத் தடவுங்கள். அரை நிமிஷம் பொறுங்கள். ஆமை நாலு காலையும் நிமிர்த்தி, கழுத்தை நெட்டுக்குத்தாக நீட்டி, கோயில் வாகனம் மாதிரி அசையாமல் நிற்கும். காட்டில் பறவைகள் தோல் மடிப்பிலுள்ள உண்ணியைப் பொறுக்க வசதியாக அது இப்படித்தான் நின்று கொடுக்கும். உங்கள் விரலையும் பறவையின் அலகு என்றே நினைத்துக்கொள்கிறது.

இதில் ஆபத்து எழுந்திருப்பதில் இல்லை, உட்காருவதில்தான். தடவல் நின்றதும் முன்னறிவிப்பில்லாமல் மொத்த எடையோடும் ‘தொப்’பென்று இறங்கும். அந்த நேரம் ஓட்டின் விளிம்புக்குக் கீழே பிள்ளையின் பாதமோ விரலோ இருக்கக்கூடாது. பிள்ளை கழுத்துப் பக்கம் நிற்கட்டும், ஓட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி. பெரியவரின் ஒரு கை பிள்ளையின் இடுப்பில் இருக்கட்டும்.

இலை ஊட்டும்போது காம்பு நீளமாக உள்ளதாகப் பார்த்து, காம்பின் கடைசி நுனியைப் பிடிக்கக் கொடுங்கள். ஆமைக்குப் பல் கிடையாது. ஆனால் தாடையின் விளிம்பு கத்தரிக்கோல் மாதிரி. சிவப்பு, மஞ்சள் என்று பளிச்சென்று தெரிவது பழமாக இருக்கும் என்று கடித்துப் பார்க்கும். நகப்பூச்சு போட்ட கால்விரல்களோடு வார்ச்செருப்பில் போகும் சித்திமாருக்கும் இது பொருந்தும். மூடிய ஷூ போடுங்கள். பிள்ளையை ஓட்டின்மேல் உட்காரவைத்துப் படம் எடுக்கவே கூடாது. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்ததுதான் அந்த ஓடு, அதற்கு உணர்ச்சி உண்டு. ஆமை எழுந்தால் பிள்ளை தலைகீழாக விழும். “நாங்கள் எல்லாம் ஏறி உட்கார்ந்தவர்கள்தான்” என்று தாத்தா பழைய ஆல்பத்தைச் சாட்சிக்கு அழைப்பார். அதற்குச் சிரித்துவிட்டு நகருங்கள்.

பத்தரை மணிக்கு மேல் வெயில் ஏறினால் ஆமைகள் மர நிழலில் குவிந்து தூங்கும். அதனால் வாசல் திறந்ததும் போய் நில்லுங்கள். வெப்ப மாதங்களில் ஆண் ஆமைகளின் முனகல் பூங்கா முழுக்கக் கேட்கும். “ஏன் கத்துது?” என்று மூன்று வயது கேட்கும்போது சொல்ல ஒரு பதிலை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டை விட்டு வெளியே வந்ததும் வேறெதற்கும் முன்னால் கை கழுவுங்கள். ஊர்வன பார்க்க நோயில்லாதவையாக இருந்தாலும் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும். சோப்பும் ஓடும் தண்ணீரும், இருபது வினாடி. கையில் தேய்க்கும் ஜெல் மண் ஒட்டிய கையில் சரியாக வேலை செய்யாது. ஆடு, கன்று உள்ள பண்ணைப் பகுதிகளில் கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு கிருமி உண்டு, அதை அந்த ஜெல் கொல்லவே கொல்லாது. சூப்பான், பால் புட்டி, பிஸ்கட் எதையும் விலங்குக் கூட்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள். ஸ்ட்ரோலர் சக்கரத்தில் ஒட்டியது கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்கு வரும்.

கசெலாவில் சின்னவர்களுக்கு ஏற்றது விலங்குகளைத் தொட்டுப் பார்க்கும் பண்ணைப் பகுதியும் ஒட்டகச்சிவிங்கியும். ஆட்டுக்கு ஊட்டும்போது உள்ளங்கை தட்டையாக, கட்டைவிரல் ஒட்டினாற்போல இருக்க வேண்டும். இரண்டு வயதுக்கு அது வராது. கை நடுங்கியதும் விரலை மடக்கிவிடும், ஆடு விரலோடு சேர்த்துக் கவ்வும். ஒரு சின்ன பிளாஸ்டிக் தட்டில் தீனியை வைத்து நீட்டவையுங்கள். தீனிப் பை பெரியவர் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பை பிள்ளை கையில் இருப்பதைப் பார்த்துவிட்டால் நாலு ஆடு ஒரே நேரத்தில் முட்டும், அதோடு அந்தப் பிள்ளை அன்று எந்த மிருகத்தின் அருகிலும் போகாது. ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு கருநீலமாக, 45 செ.மீ. நீளத்துக்கு வரும். முதல் தடவை பெரியவர் ஊட்ட, பிள்ளை இடுப்பில் இருந்து பார்க்கட்டும். இரண்டாம் தடவை அதுவே கையை நீட்டும். பறவைக் கூடுகளில் இளஞ்சிவப்புப் புறாவைத் தேடச் சொல்லுங்கள், நல்ல விளையாட்டு. உலகத்தில் மொரிசியஸ் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத பறவை அது. 1990-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பத்தாகக் குறைந்துபோய், பிறகு கூண்டில் வளர்த்து விட்டதால் சில நூறாகப் பெருகியது.

விளையாட்டுத் திடல்களில் இரண்டு விஷயம். சறுக்கு மரத்தைப் புறங்கையால் ஐந்து வினாடி தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக்காக இருந்தாலும் நண்பகல் வெயிலில் தொடை கொப்பளிக்கும். இன்னொன்று, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் சேர்ந்து சறுக்காதீர்கள். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதுதான். ஆனால் பிள்ளையின் ஷூ பக்கச் சுவரில் மாட்டும், உங்கள் எடை கீழே இழுக்கும், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறுக்கி உடையும். ஒன்றரை வயதுப் பிள்ளைகளுக்குச் சறுக்கு மரத்தில் கால் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். தனியாகச் சறுக்கினால் கால் மாட்டியதும் பிள்ளை நின்றுவிடும், அவ்வளவுதான். தனியாகச் சறுக்க முடியாத பிள்ளைக்கு அந்தச் சறுக்கு மரம் வேண்டாம்.

தண்ணீர் தெளிக்கும் இடங்களில் நீச்சல் டயபர் மலத்தைக் கொஞ்ச நேரம் தாங்கும், மூத்திரத்தைத் தாங்காது. மணிக்கு ஒரு தடவை வெளியே எடுத்துப் பாருங்கள். கணுக்கால் அளவு நீராக இருந்தாலும் கை எட்டும் தூரத்திலேயே நில்லுங்கள்.

கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். டெங்குவும் சிக்குன்குனியாவும் பரப்பும் புலிக்கொசு பகலில்தான் கடிக்கும். முதலில் வெயில் கிரீம், அது காய்ந்ததும் கொசு மருந்து. பிள்ளையின் கையில் தடவாதீர்கள், வாய்க்குப் போகும். டீட் கலந்த மருந்து இரண்டு மாதக் குழந்தை வரைக்கும் கூடாது, அதற்கு மேல் 10 முதல் 30 சதம் வரை உள்ளது போதும். ‘இயற்கை’ என்று விற்கும் எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குக் கீழே ஆகாது.

மற்ற இடங்கள் சுருக்கமாக. பாம்ப்ளமூஸ் தாவரத் தோட்டம் சமதளம், ஸ்ட்ரோலர் உருள நல்ல பாதை. ராட்சத அல்லிக் குளத்தின் கரையில் மட்டும் பிள்ளையின் கையை விடாதீர்கள், அந்த இலையைப் பார்த்தால் பச்சைத் தட்டில் ஏறி நிற்கலாம் என்றுதான் எந்தப் பிள்ளைக்கும் தோன்றும். முதல் நாள் வெள்ளையாகப் பூக்கும் அல்லி மறுநாள் ரோஜா நிறமாகிவிடும் என்பதை நாலு வயதுக்குச் சொல்லலாம். பக்கத்திலேயே போ ப்ளாங்கில் பழைய ஆலைக்குள் இருக்கும் சர்க்கரை அருங்காட்சியகம் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான். சின்னதுகளுக்கு இயந்திரங்களின் பிரமாண்டமும் கடைசியில் சர்க்கரை ருசி பார்க்கும் மேசையும் மட்டும் நினைவில் நிற்கும். மழை நாளுக்கு போர்ட் லூயியில் காடான் துறைமுகக் கடைவீதியைத் தாண்டி இருக்கும் ஒதிசேயோ மீன்காட்சியகம். ஷமரேலின் வண்ண மண்ணைப் பார்க்க வளைவுச் சாலை ஏற வேண்டும். புறப்படுமுன் பால் கொடுக்காதீர்கள்.

சாப்பாடு. லா வனீய் உணவகத்தின் பேரே முதலை இறைச்சியில்தான். காவடி விரதத்தில் இருக்கும் பாட்டியும் கூட வந்தால், பொரித்தது எதையும் கேட்குமுன் எண்ணெய் தனியா என்று கேளுங்கள், அல்லது வரும் வழியில் தோல் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) வாங்கிக்கொள்ளுங்கள். சின்னவர்களுக்கு அதைவிட நல்ல வெளிச்சாப்பாடு இல்லை: மெத்தென்றிருக்கும், பருப்பு உள்ளேயே இருக்கிறது. “சான் பிமாங்” என்று சொன்னால் மிளகாய்த் துவையல் இல்லாமல் கட்டிக் கொடுப்பார்கள். அதைப் பணம் கொடுக்கும்போது சொன்னால் தாமதம், கடைக்காரரின் கை அதற்குள் தடவி முடித்திருக்கும்.

தூக்கக் கணக்கும் இதில் உண்டு. மெல்போர்னிலிருந்து வந்த பிள்ளை முதல் வாரம் விடிகாலை மூன்று மணிக்கே எழுந்துவிடும். பூங்கா திறக்கும் நேரத்தில் அது உற்சாகமாக இருக்கும், மதியம் பன்னிரண்டுக்குச் சரிந்துவிடும். லண்டன் பிள்ளை பத்து மணிக்குத்தான் கண் விழிக்கும், அதனால் முதல் மூன்று நாள் ஆமையைத் தள்ளிப் போடுங்கள். டாக்சியில் குழந்தை இருக்கை பெரும்பாலும் இருக்காது, மீட்டரும் ஓடாது. முந்தின நாளே இருக்கைக்கும் வாடகைக்கும் சேர்த்துப் பேசி முடியுங்கள், காத்திருக்கும் நேரம் அதில் அடங்குமா என்பதையும்.

ஆஸ்திரேலியாவுக்குத் திரும்புகிறவர்கள் ஷூக்களின் அடியையும் ஸ்ட்ரோலர் சக்கரங்களையும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டுப் பெட்டியில் வையுங்கள். கடந்த 30 நாளில் பண்ணை விலங்குகளின் அருகே போனீர்களா என்று இறங்கும்போது தரும் அட்டையில் கேள்வி வரும். ஆட்டுக்கு ஊட்டியிருந்தால் ‘ஆம்’ என்று போடுங்கள். ஷூவைக் காட்டச் சொல்வார்கள், சுத்தமாக இருந்தால் விட்டுவிடுவார்கள்.