பள்ளிச் சுகாதாரக் குழு: ஊசிக்கு முழு மதிப்பெண், கண் சோதனைக்குப் பாதி

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளுக்கு அரசாங்கக் கிளினிக்கிலிருந்து தாதியர் குழு வந்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. உயரம், எடை, கண், தோல், தலையில் பேன் எல்லாம் பார்க்கிறார்கள். ஏழு வயதுக்கான எம்ஆர் (தட்டம்மை, ருபெல்லா), டிடி (தொண்டை அடைப்பான், ரண ஜன்னி) தடுப்பூசிகளையும் போடுகிறார்கள். காசு கிடையாது.

ஊசி போடும் வேலை அருமை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் மட்டும் பிள்ளையை ஒதுக்கி வைத்துவிடுவார்கள். பிறகு நீங்கள்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும். காலையில் சாப்பிட வைத்து அனுப்புங்கள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குத் தலைசுற்றல் சீக்கிரம் வரும்.

கவலை கண் சோதனையில்தான். பிள்ளை எழுத்து அட்டையிலிருந்து 6 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். முடிவு 6/12 என்றால், நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது என்று பொருள். ஆகவே தரையில் கோடு போடாமல் விட்டால், பிள்ளை இரண்டடி முன்னால் நகர்ந்ததும் கணக்கு கெட்டுவிடும். சோதிக்காத கண்ணை விரலால் மூடினால் இடுக்கு வழியே எட்டிப் பார்க்கும். அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது சற்று நேரம் மங்கலாகத் தெரியும். உள்ளங்கையைக் குழித்து மூடுவதே சரி. வரிசையில் நிற்கும் வாண்டுகள் முன்னால் போனவன் சொன்னதைக் கேட்டே மனப்பாடம் செய்துவிடுவார்கள். வரியைக் கடைசியிலிருந்து படிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

எழுத்து தெரியாதவர்களுக்கு, ஆங்கில 'இ'யை நாலா பக்கமும் திருப்பிப் போட்ட அட்டை உண்டு. தாதி "கீரியா, கானானா?" (இடமா, வலமா?) என்று மலாயில் கேட்டால், வீட்டில் தமிழ் மட்டுமே பேசிய பிள்ளை திருதிருவென விழிக்கும். அதைப் பார்வைக் குறை என்று எழுதிவிடக் கூடாது. கையைத் திருப்பிக் காட்டச் சொன்னால் மொழியே தேவையில்லை. இல்லையென்றால் ஓர் ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஒரு கண் மட்டும் மங்கலான பிள்ளை குறையே சொல்லாது. மற்றக் கண்ணாலேயே சமாளித்துக்கொள்ளும். அந்தச் சோம்பல் கண்ணுக்குச் சின்ன வயதில் செய்யும் சிகிச்சைதான் நன்றாகப் பலன் தரும். மேல் பரிசோதனைக்கான கடிதம் பிள்ளையின் கையிலேயே வரக்கூடும், அதனால் குழு வந்த அன்று மாலையே பையைக் கொட்டிப் பாருங்கள். புத்தகங்களுக்கு அடியில், நாலாக மடிந்து கிடக்கும்.