எச்1பி விசாவில் வீட்டுக் கடன்: இரண்டு இடங்களில் கேட்ட அனுபவம்

டாலஸுக்கு வடக்கே லிட்டில் எல்மில் போன வருடம் வீடு வாங்கினோம், 4.6 லட்சம் டாலர். எச்1பியில், அதாவது அமெரிக்காவின் தற்காலிக வேலை விசாவில், இருந்துகொண்டு அதற்குக் கடன் வாங்கிய கதையை எழுதச் சொல்லி நண்பர்கள் நிறையப் பேர் கேட்டார்கள்.

முதலில் போனது எங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் பெரிய வங்கிக்கு. எட்டு வருடக் கணக்கு, ஒரு தவணைகூடத் தவறியதில்லை. அங்கிருந்த அலுவலர் ஐ-797 என்ற விசா ஒப்புதல் தாளை வாங்கி, விசா முடியும் தேதியை மட்டும் பார்த்தார், 11 மாதம்தான் இருக்கிறது, கிரீன் கார்டு வந்ததும் வாருங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு ஒப்புதல் ஆகிவிட்டது, எச்1பியின் ஆறு வருட வரம்பைத் தாண்டியும் மூன்று மூன்று வருடமாக நீட்டிப்பு கிடைக்கும் என்று எவ்வளவோ சொன்னேன், காதில் வாங்கவே இல்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்தபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. இந்தியாவில் பிறந்தவனைக் கிரீன் கார்டு வரும்வரை காத்திரு என்பது, பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போகும்வரை வாடகையில் இரு என்பதுதான்.

அந்த 11 மாதக் கணக்கு சட்டம் இல்லை, அந்த வங்கி தானாக வைத்துக்கொண்ட விதி. சட்டப்படி தங்கியிருக்கும் விசாக்காரர்களின் கடன்களை வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் நிறுவனங்கள் இரண்டும் குடிமக்களுக்கான அதே நிபந்தனையில்தான் வாங்கிக்கொள்கின்றன. இது எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

இரண்டாவதாகப் போனது வீட்டுக் கடன் ஏற்பாடு செய்து தரும் ஒரு சிறிய மார்ட்கேஜ் புரோக்கர் அலுவலகம். முதல் போனிலேயே அங்கிருந்த புரோக்கர் அம்மா மூன்று கேள்வி கேட்டார்: ஐ-140 ஆயிற்றா, இதுவரை எத்தனை முறை விசா நீட்டித்திருக்கிறது, இரண்டு வருடமாக ஒரே துறையில் வேலையா. அவ்வளவுதான், இவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துவிட்டது. மூன்றாம் நாள் வட்டி, செலவு விவரங்கள் உள்ள லோன் எஸ்டிமேட் கையில் இருந்தது: 30 வருடம், 6.75 சதவீதம்.

கஷ்டமே அப்பா அனுப்பிய பணத்தில்தான் வந்தது. கும்பகோணத்தில் வைப்பு நிதியை உடைத்து அனுப்பியிருந்தார். கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டியாக வேண்டும், திருப்பித் தர வேண்டியதில்லை என்று அப்பா கிஃப்ட் லெட்டரில் கையெழுத்துப் போட வேண்டும். "மகனுக்குக் கொடுத்ததுக்கு எதுக்குப்பா எழுதிக் கொடுக்கணும்?" என்று கேட்டார். நீல மையில், பென்ஷன் படிவத்தில் போடுவது போல முழுப் பெயரும் எழுதி அனுப்பினார். இந்தியாவிலிருந்து பணம் வரவழைப்பவர்கள், வீடு பார்க்கத் தொடங்கும் முன்பே அதை முடித்துவிடுங்கள்.

குறை என்றால், காகிதங்களைச் சரிபார்க்கும் பெண் அதே பே ஸ்டப்பை (சம்பளச் சீட்டை) மூன்று முறை கேட்டார். எரிச்சல்தான், ஆனால் தேதி தவறாமல் முடித்துக் கொடுத்தார்கள்.

கையிலிருந்து 3.5 சதவீதம் முன்பணம் போட்டால் போதும் என்று, அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடனை நம்பியிருப்பவர்கள் கவனியுங்கள்: 2025 மே 25 முதல் தற்காலிக விசாக்காரர்களுக்கு அது கிடையாது. அரசு காப்பீடு இல்லாத கன்வென்ஷனல் கடன்தான் வழி.

நாங்கள் 20 சதவீதம் முன்பணம் போடுவதாகத்தான் இருந்தோம். அந்த புரோக்கர் அம்மாதான் தடுத்தார். வேலை போனால் எச்1பியில் அதிகபட்சம் 60 நாள்தான் இங்கே இருக்கலாம், கையிருப்பு முழுவதையும் சுவரில் பூசிவிடாதீர்கள் என்றார். தனக்கு வரும் கமிஷனுக்காகச் சொன்ன பேச்சாக அது எனக்குப் படவில்லை. 15 சதவீதம் போட்டோம். முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்ததால் மாதம் 108 டாலர் பிஎம்ஐ (கடன் கொடுத்தவருக்கான காப்பீட்டுக் கட்டணம்) போகிறது. கடன் பாக்கி வீட்டின் விலையில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் எழுதிக் கேட்டு எடுத்துவிடலாம். டெக்சாஸ் சொத்து வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து மாதம் 3,650 டாலருக்குக் கொஞ்சம் மேலே ஆகிறது. ஆறு மாதத் தவணைக்கான பணம் தனிக் கணக்கில் இருக்கிறது, இன்றுவரை தொடவில்லை.