நாக்டுவாவா, தெர்மல்ரைட்டா?

மேசைக் கணினியின் பிராசஸரின் சூட்டைக் காற்றால் தணிக்கும், அதிகம் சத்தமிடாத ஏர் கூலரைத் தேடுவோர் பலர், நாக்டுவா என்எச்-டி15, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ ஆகிய இரண்டுக்கும் இடையில்தான் தயங்கி நிற்கிறார்கள். இரண்டும் இரட்டைக் கோபுர அமைப்பும் (அடுத்தடுத்து நிற்கும் இரண்டு உலோகத் தகடு அடுக்குகள்), அவற்றுக்குச் சூட்டைக் கடத்தும் 6 வெப்பக் குழாய்களும் கொண்டவை. நாக்டுவாவின் 140 மி.மீ. விசிறிகள் மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளிவிடுவதால், இரவின் அமைதியில் வேலை செய்பவரின் காதுக்கு சத்தத்தில் உள்ள வேறுபாடு தெரியும். ஆனால் அதன் உயரம் 165 மி.மீ.; முன்விசிறி, நினைவகப் பலகையான ரேமின் மேல் கவிந்து நிற்கும் என்பதால், உயரமான ரேம் இருந்தால் விசிறியை இன்னும் மேலே ஏற்றி மாட்ட நேர்ந்து, கேபினெட்டின் பக்கக் கதவு மூடாமல் போகலாம். 155 மி.மீ. உயரமும் 120 மி.மீ. விசிறிகளும் கொண்ட தெர்மல்ரைட்டில் இந்தத் தொல்லை குறைவு, விலையும் பாதிக்கும் கீழே. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையான பயாஸில் விசிறியின் வேகத்தைச் சற்றுக் குறைத்து வைத்தால் அதுவும் அடங்கியே ஓடும். ஆகவே பெரும்பாலானோருக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.