எச்சரிக்கை: "லாக் அனுப்புங்க, ட்யூன் அனுப்புறோம்"னு சொன்னதை நம்பி 38,000 போச்சு

நேத்து ராத்திரிதான், ஒரு ரிமோட் ட்யூனிங் சேவை அனுப்பின ரெண்டு ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கல. டீசல் பிக்கப் வச்சிருக்கிறவங்க, ரீமேப் (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான ஈசியூவோட சாஃப்ட்வேரை மாத்துறது, ட்யூன்னும் சொல்வாங்க) பண்ணலாம்னு யோசிக்கிறவங்க தயவுசெஞ்சு முழுசா படிங்க. என்னென்ன பாத்துப் பணம் கட்டணும்னு கடைசியில எழுதுறேன்.

ஆன்லைன்ல நடக்கிற ஒரு ரிமோட் ட்யூனிங் சேவை. பேர் போடல. பேக்கேஜ் இதுதான்: வண்டியைச் சோதிக்கிற ஓபிடி போர்ட்ல மாட்டி, ஓடும்போது இன்ஜின் அளவுகளைப் பதிவு (லாக்) பண்ற ஒரு லாக்கர், ஃபைல் ஏத்துற கேபிள், உங்க வண்டி லாக்கைப் படிச்சு உங்களுக்குன்னே எழுதின ட்யூன் ஃபைல், அதுக்கப்புறம் மூணு ரிவிஷன் (திருத்தின ஃபைல்). மொத்தம் 38,000. முழுசும் முன்கூட்டியே கட்டணும்.

பணம் கட்டுறதுக்கு முன்னாடி, "சாம்பிள் லாக் ஏதாவது இருந்தா அனுப்புங்க சார், பாத்துச் சொல்றோம்"னாங்க. சாதாரண அடாப்டர்ல எடுத்த ஒரு சிஎஸ்வி ஃபைல் கையில இருந்துச்சு, அனுப்பினேன். ஒரு மணி நேரத்துல பதில் வந்துச்சு: "சார், 2,800 ஆர்பிஎம்ல ஈசியூ கேக்குறதைவிட ரெயில் பிரஷர் 90 பார் கம்மியா நிக்குது. முதல்ல டீசல் ஃபில்டரை மாத்துங்க. அது சரியாகாம நாங்க ஃபைல் எழுத மாட்டோம்."

நான் விழுந்தது இங்கதான். ரெயில் பிரஷர்னா இன்ஜெக்டர்களுக்குப் போற டீசலோட அழுத்தம். ஃபில்டர் அடைச்சா ஹை பிரஷர் பம்ப்புக்குப் போதுமான டீசல் போகாது, ஐடில்ல ஒண்ணும் தெரியாது, முழு லோட்ல ரெயில் பிரஷர் இறங்கும். அது நூத்துக்கு நூறு உண்மை. காசு வாங்குறதுக்கு முன்னாடியே "இரு, முதல்ல வண்டியைச் சரி பண்ணு"ன்னு சொல்ற ஆளு தொழில் தெரிஞ்ச ஆளாத்தானே இருக்கணும்? அன்னைக்கே 38,000 அனுப்பிட்டேன். புது ஃபில்டரும் போட்டாச்சு.

லாக்கர் வந்துச்சு. மேல ஸ்டிக்கர் அவங்களோடது. கனெக்ட் பண்ணி சிப் என்ன வெர்ஷன்னு கேட்டா "இஎல்எம்327 வெர்ஷன் 1.5"ன்னு பதில் சொல்லுது. அந்த சிப்புல 1.5ன்னு ஒரு வெர்ஷன் வெளிவந்ததே கிடையாது. தெருவுக்குத் தெரு கிடைக்கிற நகல் அடாப்டரைத்தான் "புரொஃபெஷனல் லாக்கர்"னு தலையில கட்டியிருக்காங்க.

அவங்க கொடுத்த செட்டிங்ல 22 சேனல். இது ஏன் தப்புன்னு சொல்லிடுறேன், ஏன்னா பல பேர் இதுலதான் ஏமாறுறாங்க. ஓபிடி லாக் எடுக்கிறதுன்னா ஈசியூகிட்ட ஒவ்வொரு அளவையும் தனித்தனியா கேட்டு வாங்குறது. இந்த மாதிரி புளூடூத் அடாப்டர் வினாடிக்குப் பத்து கேள்வி கேட்டாலே பெருசு. 22 சேனல் போட்டா ஒவ்வொரு சேனலும் 2.2 வினாடிக்கு ஒருதடவைதான் புதுப்பிக்கும். மூணாவது கியர்ல 1,500ல இருந்து 3,800 ஆர்பிஎம் வரைக்கும் முழு பெடல்ல போக ஏழு வினாடி ஆகுதுன்னு வச்சுக்குங்க, பூஸ்ட்டுக்கு (டர்போ கூட்டித் தள்ளுற காத்தழுத்தம்) மொத்தமே மூணு புள்ளிதான் கிடைக்கும். பூஸ்ட் எகிறி அடிக்கிறது அரை வினாடி சமாச்சாரம், அது அந்த இடைவெளியில காணாமலே போயிடும். கேன்ங்கிற நெட்வொர்க் இருக்கிற வண்டிகள்ல ஒரே கேள்வியில ஆறு பிஐடி (ஒவ்வொரு அளவுக்குமான குறியீடு) வரைக்கும் சேர்த்துக் கேக்கலாம். ஆனா பதில் பல ஃப்ரேமா உடைஞ்சு வரும், நகல் சிப்புகள் பல அதுலயே தடுமாறும்.

இன்னொண்ணு இதைவிட மோசம். அந்த லாக்ல பூஸ்ட் கோடு 255 கிலோபாஸ்கல் வரைக்கும் ஏறி, அதுக்கு மேல ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி நேர்கோடா நிக்குது. மூணு புல்லிலயும் (முழு பெடல்ல இழுத்து ஓட்டுறது) 255, 255, 255. பொதுவான மேனிஃபோல்டு பிரஷர் பிஐடி ஒரே ஒரு பைட். அதுல 255க்கு மேல எண்ணே கிடையாது. காத்தோட சாதாரண அழுத்தம் 100ஐக் கழிச்சா 1.55 பார் பூஸ்ட். அதுக்கு மேல டர்போ என்ன பண்ணினாலும் லாக்ல தெரியாது. டீசலுக்கு ட்யூன் பண்றவன் முதல்ல பாக்க வேண்டிய இடமே அதுதான். அந்த நேர்கோட்டைப் பாத்த உடனே "இந்த லாக் வேலைக்கு ஆகாது, வண்டி கம்பெனியோட சொந்த பிஐடியில எடுங்க"ன்னு சொல்லியிருக்கணும். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "லாக் சூப்பரா இருக்கு சார், நாளைக்கு ஃபைல் வந்துடும்."

ஃபைல் வந்துச்சு, ஏத்தினேன். இழுவை கூடுச்சு, மறுக்கல. கூடவே கருப்புப் புகையும் வந்துச்சு. ஏத்தத்துல நாலாவது கியர்ல டர்போவுக்கு முன்னாடி அளக்கிற ஈஜிடி (புகைக்காத்தோட வெப்பம்) 810 டிகிரியைத் தாண்டி இன்னும் ஏறிக்கிட்டே இருந்துச்சு, காலை எடுத்துட்டேன். தொடர்ந்து 750க்கு மேல ஓட்டினா பிஸ்டனுக்கும் டர்பைனுக்கும் ஆபத்து. காரணம் சாதாரணம்தான்: காத்து எவ்வளவு வருதுன்னு பாக்காம டீசலை மட்டும் கூட்டி, புகை வராம தடுக்கிற லிமிட்டரையும் தளர்த்தி விட்டிருக்காங்க. முன்னாடி 500 கிலோமீட்டருக்கு ஒருதடவை டிபிஎஃப் ரீஜென் (புகைக் கரியைப் பிடிக்கிற ஃபில்டர் அந்தக் கரியை எரிச்சுச் சுத்தமாகுறது) ஆகும். இப்போ 180லயே ஆகுது. எரியாத கரி முழுக்க அங்கதான் போய் அடையுது.

இதுக்கப்புறம்தான் அவங்க சுயரூபம் தெரிஞ்சுது. முதல் மெசேஜுக்கு "டீம் பாத்துட்டு இருக்காங்க சார்". மூணு நாள் கழிச்சு "லாக் சரியா எடுக்கல, மறுபடி எடுங்க". சரின்னு கடன் வாங்கின நல்ல இன்டர்ஃபேஸ்ல முறையா எடுத்தேன். கூலன்ட் 85 டிகிரி, ஏசி ஆஃப், ஆளில்லாத சமதள ரோடு, அதே திசையில மூணு புல். எட்டே சேனல்: ஆர்பிஎம், பெடல், கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், கேட்ட ரெயில் பிரஷர், வந்த ரெயில் பிரஷர், ஏர் ஃப்ளோ, ஈஜிடி. வினாடிக்குப் பத்து தடவை ஒவ்வொண்ணும். பூஸ்ட் 2,200 ஆர்பிஎம்ல கேட்டதைவிட 0.3 பார் எகிறுறது அதுல பளிச்சுனு தெரியுது. அனுப்பினேன்.

பதில்: "டீசல் தரம் சரியில்லாம இருக்கும் சார்." அப்புறம் "டயர் சைஸ் மாத்தியிருக்கீங்களா?" டயருக்கும் பூஸ்ட் எகிறுறதுக்கும் என்ன சம்பந்தம்? அப்புறம் நாலு நாள் நீல டிக் மட்டும். திடீர்னு ஒரு புது ஆளு வந்து, "வணக்கம் சார், என்ன வண்டி, என்ன பிரச்சினை?"ன்னு மொதல்ல இருந்து ஆரம்பிக்கிறார். 38,000 வாங்கினவங்களுக்கு என்ன வண்டின்னே தெரியல.

ரொம்ப கத்தினதுக்கப்புறம் "ரிவிஷன் 2"ன்னு ஒரு ஃபைல் வந்துச்சு. ஏத்தினேன், அதே புகை, அதே 0.3 பார். சந்தேகப்பட்டு ரெண்டு ஃபைலையும் ஹெக்ஸ் எடிட்டர்ல போட்டு ஒப்பிட்டேன். 2,097,152 பைட். வித்தியாசம்: பூஜ்யம். ஒரு பைட் கூட மாறல. ஃபைல் பேரை மட்டும் மாத்தி அனுப்பியிருக்காங்க. ஸ்கேனர்ல சிவிஎன் எண்ணும் (ஈசியூவுல இருக்கிற சாஃப்ட்வேரைச் சரிபார்க்கிற எண்) ரெண்டு தடவையும் ஒண்ணேதான். சிவிஎன்னை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, சில ட்யூனர்கள் அதை மாறாம காட்டுற மாதிரி எழுதுவாங்க. ஆனா ஃபைலே ஒண்ணுன்னா அதுக்கு மேல பேச என்ன இருக்கு?

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "ஃபிளாஷ் பண்ணிட்டா (ஃபைலை ஏத்திட்டா) ரீஃபண்ட் கிடையாது சார். மூணு ரிவிஷன்ல ஒண்ணு முடிஞ்சுது, இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு." பூஜ்யம் பைட் மாத்தினதை ஒரு ரிவிஷன்னு கணக்குல எழுதிட்டாங்க!

அப்பத்தான் அந்த 90 பார் ஞாபகம் வந்துச்சு. முதல்ல அனுப்பின சாம்பிள் லாக்கைத் தோண்டி எடுத்துத் திறந்தேன். அதுல ரெயில் பிரஷருக்கு ஒரே ஒரு நெடுவரிசைதான் இருக்கு, வந்த அழுத்தம். ஈசியூ கேட்ட அழுத்தம் அந்த ஃபைல்ல பதிவாகவே இல்ல. எதுல இருந்து எதைக் கழிச்சு 90 வந்துச்சு? நான் எதை வச்சு நம்பினேனோ அந்த எண்ணே கட்டுக்கதை. ஃபைல் என் கையிலேயே இருந்துச்சு, ஒரு நிமிஷம் திறந்து பாத்திருந்தா 38,000 மிச்சம்.

விலாவாரியா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், முடியல. அவசரத்துக்கு இதை மட்டும் பிடிச்சுக்குங்க:

ட்யூனர் சொல்ற எந்த எண்ணையும் உங்க லாக்ல எந்த நெடுவரிசை, எந்த வினாடின்னு காட்டச் சொல்லுங்க. காட்டலைன்னா பணம் கட்டாதீங்க.

ஈசியூ கேட்டது, நிஜமா வந்தது ரெண்டும் சேர்ந்து பதிவாகாத லாக்கை வச்சு யாரும் ட்யூன் எழுத முடியாது. எட்டு, பத்து சேனலுக்கு மேல போடாதீங்க. பூஸ்ட் 255ல நேர்கோடா நின்னா அந்த லாக்கை அனுப்பாதீங்க.

முழுப்பணம் முன்னாடி வேண்டாம். முதல் ஃபைலுக்குப் பாதி, ரிவிஷன் லாக் பாத்துட்டு மீதி. ஒவ்வொரு ஃபைலையும் பழசோட ஒப்பிட்டுட்டு ஏத்துங்க. ஏத்தும்போது பேட்டரியில சப்போர்ட் சார்ஜர் இருக்கணும், வோல்டேஜ் நடுவுல இறங்கினா ஈசியூவே போயிடும்.

முக்கியமா, வண்டியோட ஒரிஜினல் ஃபைலை ரீட் பண்ணினதும் முதல் காப்பி உங்ககிட்ட இருக்கணும். என்னோட ஒரிஜினல் அவங்க சர்வர்லதான் இருக்கு. நாலு தடவை கேட்டாச்சு, "டீம்கிட்ட சொல்லியிருக்கோம் சார்"ங்கிறாங்க.