ஓடிஏ அப்டேட்டா, சர்வீஸ் சென்டரா? இணைய இணைப்புள்ள கார்களுக்கு எது பாதுகாப்பு

நடுத்தர விலைக் கார்கள் பலவற்றிலும் இப்போது நிறுவனமே ஒரு சிம்மைப் பொருத்தித் தருகிறது. கைப்பேசிச் செயலியிலிருந்து கதவைப் பூட்டவும் ஏசியை முன்கூட்டியே ஓடவிடவும் உதவும் இந்த இணைப்பு, மென்பொருளில் ஓட்டை இருந்தால் வெளியாருக்கும் வழிவிடும். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வண்டிக்கு வந்து சேர இரண்டு வழிகள் உண்டு: ஒன்று, இணையம் வழியே தானாக வரும் ஓடிஏ அப்டேட், மற்றொன்று, சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டு ஏற்றிக்கொள்வது. புதுச்சேரியில் பலரும் இரண்டாவதையே நம்புகிறார்கள். நான் முதலாவதன் பக்கம்.

காரணம், வேகம். 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே இணையம் வழியாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். அமெரிக்காவில் 14 லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் தேவைப்பட்டது. உரிமையாளர்களுக்கு யுஎஸ்பி தபாலில் அனுப்பப்பட்டது. அதைச் செருகுவதோ, டீலரிடம் வண்டியைக் கொண்டுபோவதோ அவரவர் பொறுப்பாயிற்று. அதே ஆண்டின் தொடக்கத்தில் பிஎம்டபிள்யூவின் 22 லட்சம் கார்களில், கதவைத் திறந்துவிடக்கூடிய ஒரு குறை ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசியால் கண்டுபிடிக்கப்பட்டபோது, நிறுவனம் இணையம் வழியாகவே அதைச் சரிசெய்தது. யாரும் பணிமனை வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

'திருத்தம் வரும் வழியாகவே திருடனும் வரமாட்டானா?' என்ற கேள்வி நியாயமானதுதான். 2016இல் டென்சென்ட் நிறுவனத்தின் கீன் ஆய்வகம் டெஸ்லா மாடல் எஸ் காரின் பிரேக்கைத் தொலைவிலிருந்து இயக்கிக் காட்டியது. டெஸ்லா சுமார் பத்து நாட்களில் திருத்தத்தை ஓடிஏ மூலமே அனுப்பியதோடு, நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் (மென்பொருள் நிறுவனத்திடமிருந்தே வந்தது என்பதற்கான மின்னணு முத்திரை) இல்லாத மென்பொருளை வண்டியின் உட்கருவிகள் ஏற்காதபடியும் செய்தது. கையொப்பச் சோதனை சரியாக அமைந்துவிட்டால், திருத்தம் எந்த வழியில் வருகிறது என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. அது இல்லையென்றால், மெக்கானிக்கின் லேப்டாப்பிலிருந்து வருவதையும் நம்ப முடியாது. ஐ.நா.வின் ஆர்155, ஆர்156 விதிகள் இணையப் பாதுகாப்பையும் மென்பொருள் புதுப்பிப்பையும் தயாரிப்பாளரின் பொறுப்பாக்கியுள்ளன. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய வண்டிகள் அனைத்துக்கும் அவை பொருந்துகின்றன. நம் நாட்டில் இதற்கான தரங்கள் ஏஐஎஸ்-189, ஏஐஎஸ்-190.

சர்வீஸ் சென்டருக்கும் ஒரு பலம் உண்டு. அப்டேட் பாதியில் நின்றால், கவனிக்க ஆள் இருக்கும். பாகூர்ப் பக்கம் சிக்னல் மெலிந்த கிராமத்தில் வண்டி நிறுத்துபவருக்கும், பேட்டரி தேய்ந்த பழைய வண்டி வைத்திருப்பவருக்கும் இது பொருட்படுத்தத்தக்கது. ஆனால் 2024இன் ஃபெஞ்சல் புயலைப் போன்ற வெள்ளத்துக்குப் பிறகு, நனைந்த வண்டிகள் பணிமனைகளில் வரிசைகட்டும் நாட்களில், மென்பொருளுக்காக வந்த காரை யார் முதலில் எடுப்பார்கள்?

இணைப்பையே துண்டித்துவிடலாம் என்பாரும் உண்டு. அவசர அழைப்பும், திருட்டுப்போன வண்டியைத் தேடும் வசதியும் அதோடு போய்விடும் என்பதால், அது எனக்கு உகந்ததாகத் தோன்றவில்லை.

இரண்டு வழிகளுக்கும் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் உயரத்தில், பதினாறு முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட்டைக் காணலாம்; மெக்கானிக் கருவியைச் செருகி வண்டியின் கோளாறுகளைப் படிக்கும் இடம் அது. வாடகைக்குக் கார் விடும் டிராவல்ஸ்காரர்கள் சிலர், ஓட்டுநர் எங்கே போகிறார் என்று பார்க்க, மலிவான ஜிபிஎஸ் டிராக்கரை அதில் செருகிவிடுகிறார்கள். அந்த சாக்கெட் பல வண்டிகளில் வண்டியின் உட்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறும் கேன் எனப்படும் உள்வலையமைப்புக்கு நேரே திறக்கிறது. 1980களில் பாஷ் உருவாக்கிய அந்த அமைப்பு, செய்தியை அனுப்பியது யார் என்று சரிபார்ப்பதில்லை. 2015இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த சாக்கெட்டில் செருகும் இத்தகைய ஒரு கருவிக்கு (டாங்கிள்) எஸ்எம்எஸ் அனுப்பியே ஒரு கார்வெட் காரின் வைப்பரை இயக்கினார்கள். குறைந்த வேகத்தில் பிரேக்கையும் செயலிழக்கச் செய்தார்கள். கார் நிறுவனத்தின் அப்டேட் வெளியார் டிராக்கரின் மென்பொருளைத் திருத்தாது. டிராக்கர் வேண்டியவர்கள் பேட்டரி இணைப்பிலிருந்து மின்சாரம் மட்டும் எடுத்துக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்கி, ஓபிடி சாக்கெட்டைக் காலியாக விடலாம்.