வெந்தயமா, அசுவகந்தாவா, ஜெல்லா, தூக்கமா? குறைந்துபோன தாம்பத்திய ஆசைக்கு எது உதவியது

போன வருடம் சிங்கப்பூரில் செராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் அசுவகந்தாப் பொடி கேட்டேன். கடைக்காரர் பொட்டலத்தை மடித்துக்கொண்டே, "உங்களுக்கா, அண்ணனுக்கா?" என்றார். எனக்குத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை, "வீட்டுக்கு" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன். பின்னால் வரிசையில் நின்ற அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே பொடிதான் தேவைப்பட்டதோ என்னவோ, நம் பெண்கள் இதை ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லையே.

எனக்கு வயது 48. மாதவிடாய் முறை தவறத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது, கணவர் பக்கத்தில் வந்தாலே உடம்பு ஒதுங்க ஆரம்பித்தது ஏறக்குறைய அதே சமயத்தில்தான். இந்த ஒரு வருடத்தில் பொடி, ஜெல், தூக்கம், நடை என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன், படித்தும் வைத்திருக்கிறேன். அதைத்தான் இங்கே ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. பலதுறை மருந்தகத்தில் ஒரு பெண் டாக்டர் கேட்டது: "வலிக்குதா, இல்ல விருப்பமே வரலையா? எது முதல்ல வந்துச்சு?" யோசித்துப் பார்த்தால், வலிதான் முதலில் வந்தது. வலிக்கப் போகிறது என்று தெரிந்தபின் உடம்பு எப்படி ஆசைப்படும்? அந்தப் பயத்தைத்தான் நான் ஆசை போய்விட்டது என்று எண்ணிப் பொடி தேடி அலைந்திருக்கிறேன். பணம் செலவழிக்கும் முன் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிடுங்கள், மற்றதெல்லாம் அதன் பிறகு.

ஹார்மோன் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் எந்த ஹார்மோன் என்பது வயதுக்கும் நிலைமைக்கும் ஏற்ப மாறும். ஐம்பதை ஒட்டிய வயதில் ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்ந்துவிடுகிறது. வலி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று எல்லாம் அங்கிருந்து வருபவை. தாய்ப்பால் கொடுக்கும்போது பாலைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறி ஈஸ்ட்ரோஜனை அழுத்திவிடும், அதனால் முப்பது வயதுப் பெண்ணுக்கும் அதே வறட்சி வரலாம். தைராய்டு குறைவாக வேலை செய்தால் சோர்வும் எடையும் சேர்ந்துகொண்டு ஆசையை இழுத்துக் கீழே போட்டுவிடும். கருத்தடை மாத்திரை சிலருக்கு விருப்பத்தைக் குறைக்கும், சிலருக்கு எந்த மாற்றமும் இராது. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் குறைக்கும். அதற்காக நாமாகவே நிறுத்திவிடக் கூடாது, டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் பெண்களுக்கும் உண்டு, இருபதுகளிலிருந்தே மெல்லக் குறைந்துகொண்டு வருவது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு ஆசைக் குறைவு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் சேர்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 'முழு ஹார்மோன் பரிசோதனை' என்று பெரிய தொகைக்கு விற்கும் பேக்கேஜை நான் வாங்கமாட்டேன். தைராய்டு, இரும்புச்சத்து, சர்க்கரை மூன்றையும் பார்த்துக்கொண்டால் உருப்படியாக இருக்கும்.

சரி, மூலிகைக்கு வருவோம். வெந்தயத்துக்கும் அசுவகந்தாவுக்கும் ஆளுக்கு ஓர் ஆய்வு கைவசம் இருக்கிறது, இரண்டுமே 2015இல் வந்தவை. வெந்தயச் சாறு தினம் 600 மில்லிகிராம், 80 பெண்கள், இரண்டு மாதவிடாய்ச் சுழற்சி. அசுவகந்தா வேர்ச் சாறு 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, 50 பெண்கள், எட்டு வாரம். இரண்டிலும் கிளர்ச்சி கூடியதாகத்தான் முடிவு, விருப்பமும் சேர்ந்து கூடியதாகச் சொன்னது வெந்தய ஆய்வு. ஆனால் எத்தனை பேர் என்று பாருங்கள், இரண்டும் சின்ன ஆய்வுகள். அதோடு அவர்கள் கொடுத்தது அளவு பார்த்துச் சுண்டவைத்த சாறு, தேக்கா சந்தையில் வாங்கி இரவில் ஊறவைக்கிற வெந்தயத்தை அதற்குச் சமமாக வைக்க முடியாது.

இரண்டில் ஒன்று எடுத்தே ஆகவேண்டும் என்றால் நான் வெந்தயத்தைச் சொல்வேன், நம் சமையலில் இருப்பதுதானே. அப்போதும் சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் அளவை மீறினால் சர்க்கரை மேலும் இறங்கிவிடும், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். அசுவகந்தாவில் எச்சரிக்கை கூடுதல். தைராய்டு ஹார்மோனை அது ஏற்றக்கூடியது, சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகவும் பதிவுகள் உண்டு, கர்ப்பமாக இருந்தால் கூடவே கூடாது. நான் ஆறு வாரம் பாலில் கலந்து குடித்தேன், தூக்கம் கொஞ்சம் சீரானது, வலி அப்படியே இருந்தது. அதன் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, என் பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது.

சதாவரி என்ற தண்ணீர்விட்டான் கிழங்குக்கு இந்த விஷயத்தில் பலமான சான்று கிடையாது. முருங்கைக்கீரைக்கும் அப்படித்தான், ஆனாலும் அதைச் சாப்பிடுங்கள். மாதவிடாய் நிற்கும் காலத்தில் அதிகம் இரத்தம் போகிறவர்களுக்கு இரும்புச்சத்து குறைந்து, இரவு எட்டு மணிக்கே கட்டிலில் விழத் தோன்றும், அந்த உடம்பில் ஆசை எங்கிருந்து வரும்? கீரையோடு ஓர் எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். சோயாப் பாலில் செய்யும் தாவ்ஹுவே இனிப்பிலும் தவுவிலும் இருக்கும் சோயாச் சத்து உடம்பு கொதிப்பதைச் சிலருக்குக் குறைக்கிறது, ஆசைக்கு என்று எதிர்பார்க்கவேண்டாம்.

இணையத்தில் வரும் 'பெண்களுக்கான' கேப்சூல்கள், கச்சிப் பாத்திமா, தொங்கட் அலி, ஜாமு போன்ற மலாய், இந்தோனேசிய நாட்டு மருந்துகள் என்று நண்பர் கொண்டுவந்து தருபவை, இவற்றுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். மூலிகை கெட்டது என்பதற்காகச் சொல்லவில்லை, டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. வயகராவில் இருக்கும் சில்டெனாஃபில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, இப்படி லேபிளில் எழுதாத மருந்து கலந்த பொருள்களைப் பற்றி சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்துவருகிறது. இரண்டே நாளில் அதிசயமாக வேலை செய்தால்தான் அதிகம் பயப்படவேண்டும்.

ஜெல்லுக்கு வருகிறேன், எனக்கு வழி திறந்தது இங்கேதான். மூன்று வகை இருக்கிறது, மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். லூப்ரிகண்ட் அந்த நேரத்துக்கு மட்டும். தண்ணீர் அடிப்படையிலானது எளிதில் கழுவிவிடலாம், ஆணுறையையும் கெடுக்காது, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். சிலிகான் வகை நீண்ட நேரம் நிற்கும். ஈரப்பத ஜெல் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முகத்துக்குக் கிரீம் போடுகிற மாதிரி போட்டுக்கொள்வது. இரண்டையும் மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கலாம், நான் வாங்கிய லூப்ரிகண்ட் பதினைந்து வெள்ளிக்கும் குறைவு. மூன்றாவது, டாக்டர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் அல்லது உள்ளே வைக்கும் சின்ன மாத்திரை. முதல் இரண்டு வாரம் தினம் இரவில், பிறகு வாரம் இரண்டு முறை, பலன் முழுதாகத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்கவேண்டும்.

இயற்கையாக ஏதாவது என்று கேட்டுப் பலர் தேங்காய் எண்ணெய்க்குப் போகிறார்கள். மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் ஆணுறை கிழிந்துபோகும். நாற்பத்தாறில் கர்ப்பம் வராது என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

இந்த வலி அடங்கிய பிறகுதான் தூக்கமும் நடையும் என்ன செய்யும் என்பதைப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் 171 மாணவிகளை இரண்டு வாரம் கவனித்த ஓர் ஆய்வில், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால் மறுநாள் துணையோடு உறவு வைத்துக்கொள்ளும் வாய்ப்பு 14 சதவீதம் கூடியிருந்தது. அவர்கள் இளம் பெண்கள், உண்மைதான். ஆனால் நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள், தொடக்கநிலை இறுதித் தேர்வு எழுதும் பிள்ளை, காலை ஐந்தரைக்கு டிபன் டப்பா, வேலை, மாமியாரின் மருந்து, இரவு பதினொன்றரைக்குத் துணி காயப்போடுவது. இந்த உடம்புக்கு எந்தப் பொடியும் போதாது. எங்கள் வீட்டில் இரவுத் துணியும் பாத்திரமும் கணவர் பொறுப்பு என்று ஆன பிறகுதான் நான் பத்தரைக்குப் படுக்கிறேன், அப்புறம் பூங்கா இணைப்புப் பாதையில் வாரம் நான்கு நாள் வேக நடை. ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது.

கனடா டாக்டர் ரோஸ்மேரி பாஸன் 2000இல் எழுதியது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நீண்ட உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை முதலில் வராது, நெருக்கமும் தொடுகையும் தொடங்கியபின் பின்னால் வரும், அது குறையில்லை என்கிறார். அதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினேன். இப்போது வாரத்தில் ஒரு நாள் முதுகு பிடித்துவிடுவார், அதற்கு மேல் போயே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தக் கட்டாயம் போனதுதான் எனக்கு வேலை செய்தது என்று நம்புகிறேன்.

போன வாரம் புளோக் கீழே ஒரு தங்கச்சி, ஏழு மாதக் கைக்குழந்தையோடு, வேலைக்குத் திரும்பியவள், அசுவகந்தா எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். பால் கொடுக்கிறாய், பொடி வேண்டாம், உனக்குப் புரோலாக்டின்தான் காரணமாக இருக்கும், பால் கொடுப்பது குறையும்போது பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் திரும்பிவிடும், அதுவரைக்கும் ஜெல் போதும், சோர்வு ரொம்ப இருந்தால் தைராய்டு பார்த்துவிடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அக்கா, இதை அப்படியே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்க. அவர்கிட்ட காட்டணும்."

லிஃப்டில் ஏறும் முன்னாலேயே அனுப்பிவிட்டேன்.