சென்னை விமான நிலையத்தில் பத்து ரூபாய்த் தேநீரும் ஒரு தோசையும்

ஊருக்குப் போகும் வழியில், சென்னையில் இறங்கி மதுரை விமானத்துக்காக உள்நாட்டு முனையத்தில் காத்திருந்தபோது, உடான் யாத்ரி கஃபே என்ற பலகை கண்ணில் பட்டது. விமான நிலையங்களில் மலிவு விலையில் சிற்றுண்டி விற்கும் அரசுத் திட்டத்தின் கடை அது. விமான நிலையத்தில் பத்து ரூபாய்க்குத் தேநீர் என்று செய்தியில் படித்தது உண்மைதானா என்று பார்க்கும் ஆவலில் வரிசையில் நின்றேன். உண்மைதான். 2024 டிசம்பரில் கொல்கத்தாவில் தொடங்கி, 2025 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த இத்திட்டத்தில் தேநீரும் தண்ணீரும் 10 ரூபாய். காபியும் சமோசாவும் 20 ரூபாய். கோப்பை சிறியது, வயிறு நிறையும் அளவுக்கு எதுவும் கிடையாது, ஆனால் தேநீர் சூடாகவும் திடமாகவும் இருந்தது. பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே கடை அமைந்திருப்பதால், உள்ளே போனபின் நினைத்துப் பயனில்லை என்பதை மட்டும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மெல்போர்னுக்குத் திரும்பப் புறப்பட்ட இரவில், சென்னையின் பன்னாட்டுப் புறப்பாட்டுக்கான இரண்டாம் முனையத்தில் நிலைமை வேறாக இருந்தது. குடியேற்றச் சோதனையும் முடிந்து உள்ளே போனபின் அப்படியொரு மலிவுக் கடை என் கண்ணில் படவில்லை. பசி பொறுக்காமல் நுழைந்த உணவகத்தில் ஒரு மசால் தோசைக்கு வெளியில் கொடுப்பதைப்போல் மூன்று மடங்கு விலை. அது வந்து சேர ஏறக்குறைய அரை மணி நேரமும் ஆனது. விமான நிலையத்தில் கடை நடத்தும் செலவு அதிகம் என்பதால் விலையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் விமானம் ஏறும் நேரம் நெருங்கும் வாடிக்கையாளரிடம், எவ்வளவு நேரமாகும் என்று முன்கூட்டியே சொல்லாததை என்னால் ஏற்க முடியவில்லை. தோசை நன்றாக முறுகியிருந்தது. தேங்காய்ச் சட்னி குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்திருந்தது.

ரசீதில் 5 விழுக்காடு ஜிஎஸ்டிக்கு மேல் 'சேவைக் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருவோர் பலர் இதையும் அரசு வரி என்று எண்ணிச் செலுத்திவிடுகிறார்கள். உணவகங்கள் இதைத் தாமாகவே ரசீதில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து உணவக உரிமையாளர் சங்கங்கள் தொடுத்த வழக்கில், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. நான் கேட்டதும் பரிமாறிய இளைஞர் முகம் சுளிக்காமல் மேலாளரை அழைத்து வந்தார், தொகையும் நீக்கப்பட்டது. நீக்க மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். (அந்த இளைஞருக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் கொடுத்தேன், அது அவர் கைக்கே போய்ச் சேரும்.)

பக்கத்து இருக்கையில் ஒரு குடும்பம் மிளகாய்ப் பொடி தடவிய இட்லியை வாழையிலையிலிருந்து பிரித்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கைப்பையில் இட்லி கொண்டுவரத் தடையில்லை. சாம்பாரும் தயிரும்தான் திரவக் கணக்கில் வரும் என்பதால், 100 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தில் எடுத்துச்செல்ல முடியாது.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஊழியர்களுக்கான உணவுக்கூடங்களில் பயணிகளும் சற்றுக் கூடுதல் விலை கொடுத்துச் சாப்பிடலாம். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், உள்நாட்டு முனையத்தில் இருக்கும் அந்தப் பத்து ரூபாய்க் கடையைப் போல ஒன்றைக் குடியேற்றச் சோதனைக்கு அப்பாலும் திறந்தால், நள்ளிரவு விமானங்களுக்காகக் குழந்தைகளோடும் முதியவர்களோடும் மணிக்கணக்கில் காத்திருப்போருக்குப் பேருதவியாக இருக்கும்.